ராசியில்லாத விமானம்



மாட்டுச் சந்தைக்குப் போய்வந்த பழக்கமுள்ளவர்கள் இந்தச் சபையில் சிலராவது இருப்பீர்கள். பல்லைப் பிடித்துப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, திமிலைத் தட்டிப் பார்த்து எல்லாம் திருப்தியான பிறகும், கடைசியில் ஒரு பெரியவர் வந்து மாட்டின் உடம்பிலே மயிர்ச்சுழி எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று பார்ப்பார். அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டால், எவ்வளவு நல்ல மாடானாலும் அது வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். வீட்டுக்கும் கிணற்றுக்கும் வண்டிக்கும் ராசி பார்க்கிற வழக்கம் நமக்கு மாத்திரம் உரியது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது சரியன்று. விஞ்ஞானத்தையே மூச்சாகக் கொண்ட அமெரிக்க தேசத்தில், கோடிக்கணக்கான டாலர் செலவில் பிறந்த ஒரு பெரிய விமானத்தின்மேல், சுழி சுத்தமில்லாத மாட்டின்மேல் விழுவதுபோன்ற பழி விழுந்தது. பிரயாணச் சீட்டு வாங்க வந்தவர்கள், என்ன விமானம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பெயரைக் கேட்டதும் வேறு சீட்டுக் கேட்ட காலமும் உண்டு. அந்த விமானம் மக்டானல் டக்ளஸ் கம்பெனியார் செய்த டி.சி.10. அதன் கதையைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ராசி என்ற சொல்லைச் சொல்லி நாம் எந்த இடத்தில் விசாரணையை நிறுத்திக்கொள்கிறோமோ, அந்த இடத்திலிருந்துதான் உண்மையான விசாரணை தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இந்த விமானம் 1970ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் தேதி கலிபோர்னியாவில் லாங் பீச் என்னும் ஊரில் முதன்முதலாக வானில் எழும்பியது. மறு ஆண்டு ஆகஸ்டில் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு பறக்கத் தொடங்கியது. இறக்கைகளின் கீழ் ஒவ்வொன்றாக இரண்டு யந்திரங்கள், வாலின் செங்குத்தான தூணைத் துளைத்துக்கொண்டு மூன்றாவது. ஏறத்தாழ இதே அளவில், இதே மூன்று யந்திரங்களோடு, லாக்ஹீட் கம்பெனியார் டிரைஸ்டார் என்னும் விமானத்தை அதே 1970இல் பறக்கவிட்டார்கள். பிற்காலத்தில் ஏர் லங்காவின் விமானங்களாகக் கொழும்பிலிருந்து பறந்தவை அவைதாம். வாங்குவோர் ஒரே கூட்டம், விற்போர் இருவர். அந்தப் போட்டியின் வேகத்தில்தான் டி.சி.10 உருவாயிற்று என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலில் கதவைப் பற்றிச் சொல்கிறேன்; இதைச் சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டுகிறேன், ஏனெனில் இந்தச் சரித்திரத்தின் பாதி அந்தக் கதவுக்குள்ளேதான் அடங்கியிருக்கிறது. முப்பதாயிரம் அடிக்கு மேல் பறக்கும் விமானத்தின் உட்புறத்தை, மனிதர் மூச்சுவிடத்தக்க அழுத்தத்தில் காற்றடைத்து வைத்திருக்கிறார்கள். உள்ளே காற்று நெருக்கமாகவும் வெளியே மிக மெலிந்தும் இருப்பதால், விமானத்தின் உடல் முழுவதும் காற்றடித்த சைக்கிள் டியூபைப் போல எந்நேரமும் வெளிப்புறமாக விம்மிக்கொண்டிருக்கிறது. தொட்டியின் அடித்துவாரத்தில் உள்ளிருந்து வைத்த தக்கையை நீரின் பாரமே இறுக்கிப் பிடிப்பதுபோல, கதவை உள்ளிருந்து பொருந்தும்படி அமைத்தால் அந்த அழுத்தமே கதவுக்குக் காவலாகிவிடும். ஆனால் சரக்கறைக் கதவை அவ்விதம் அமைத்தால், அது உட்புறமாகத் திறந்து பெட்டிகள் வைக்கும் இடத்தை அடைத்துக்கொள்ளும், ஆகவே டி.சி.10இன் சரக்குக் கதவு வெளிப்புறமாகத் திறக்கும்படி செய்யப்பட்டது. வெளிப்புறமாகத் திறக்கும் கதவுக்குக் காற்றழுத்தம் பகை; தாழ் ஒன்றே துணை. அந்தத் தாழையும் எண்ணெய் அழுத்தத்தால் இயக்குவதாக முதலில் இருந்த ஏற்பாட்டை மாற்றி, எடை குறையும் என்று விமானத்தை வாங்கவிருந்த கம்பெனி கேட்டுக்கொண்டபடி, மின்மோட்டாரால் இயக்கினார்கள். எண்ணெய் அழுத்தத் தாழ் சரியாகப் பொருந்தாவிட்டால் அழுத்தம் ஏறத் தொடங்கும்போதே நழுவித் தன் குறையைக் காட்டிக்கொடுத்துவிடும். மின்தாழோ அரைகுறையாக நின்றாலும் பிடித்த பிடியில் நின்று, உயரே போய் அழுத்தம் மிகுந்த பிறகே விட்டுவிடும். இதில் இன்னொரு விபரீதம்: பிரயாணிகளின் பாதத்துக்குக் கீழேயுள்ள தளத்துக்கு அடியில் சரக்கறை இருக்கிறது, வாலுக்குச் செல்லும் கட்டுப்பாட்டுக் கம்பிகளும் குழாய்களும் அந்தத் தளத்தின் உத்திரங்களோடேயே ஓடுகின்றன. கதவு பறந்து சரக்கறையின் காற்று ஒரு கணத்தில் வெளியேறினால், மேலேயுள்ள காற்றின் பாரம் முழுவதும் தளத்தின்மேல் இறங்கும், தளம் உடையும், கம்பிகள் அறுபடும்.

இது பிற்பாடு தெரிந்துகொண்ட ஞானம் என்று எண்ணிவிடாதீர்கள். 1970 மே மாதத்தில், விமானம் முதன்முதல் பறப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே, தொழிற்சாலையில் தரைமேல் நிறுத்திவைத்துக் காற்றழுத்தம் ஏற்றிச் சோதித்தபோது, சரக்குக் கதவு ஒன்று பிய்த்துக்கொண்டு போயிற்று. தளமும் இடிந்து விழுந்தது. விமானமே வாயைத் திறந்து தன் குறையைச் சொல்லிற்று என்றுதான் நான் கருதுகிறேன். கதவின் ஏற்பாட்டில் சில திருத்தங்கள் செய்தார்கள். தளத்தின் பலவீனம் அப்படியே இருந்தது.

1972 ஜூன் 12ஆம் தேதி, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று டெட்ராயிட் நகரத்தில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றது. பின்புறச் சரக்குக் கதவை மூட வந்த சிப்பந்திக்கு அது சரியாக மூடவில்லை. மின்விசையை அழுத்தினார், மோட்டார் ஓடி நின்றது. கைப்பிடியைக் கீழே இழுத்தார், அது வரவில்லை. கடைசியில் முழங்காலைக் கொடுத்து அழுத்த, கைப்பிடி கீழே வந்து படிந்தது. கதவிலே இருந்த சிறு காற்றுப்பலகை சற்றுக் கோணலாக நிற்பதைக் கண்டு அவருக்கே மனம் ஒப்பாமல் மெக்கானிக்கை அழைத்துக் காட்டினார். அவரும் பார்த்துவிட்டுச் சரி என்றார். விமானியின் அறையில் கதவுக்குரிய எச்சரிக்கை விளக்கும் அணைந்துவிட்டது. உள்ளேயோ தாழ் முழுவதும் பொருந்தவில்லை. அதைப் பூட்ட வேண்டிய இரும்பு முளைகளும் தம் இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. முழங்காலின் பலத்துக்கு உள்ளேயிருந்த தண்டுகள்தாம் வளைந்து கொடுத்திருந்தன. பூட்டாத பூட்டு, பூட்டியதாகச் சாட்சி சொல்லிற்று.

கனடா தேசத்து வின்ட்சர் நகரத்துக்கு மேலே, ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில், கதவு பறந்தது. தளத்தின் பின்பகுதி இடிந்தது. வாலின் கட்டுப்பாடு பெரும்பாலும் போயிற்று. சரக்கறையிலிருந்து ஒரு சவப்பெட்டியும் பூமியில் விழுந்தது. சகுனம் பார்ப்பவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் நான் பார்க்கச் சொல்வது வேறொன்றை. அந்த விமானத்தின் தலைமை விமானி பிரைஸ் மக்கார்மிக் என்பவர், டி.சி.10 ஓட்டப் பயிற்சி பெற்றபோது, எல்லாக் கட்டுப்பாடும் அற்றுப்போனால் என்ன செய்வது என்ற கேள்வி தம் மனத்தில் எழுந்து, யந்திரங்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் மாத்திரமே விமானத்தைத் திருப்பவும் இறக்கவும் முடியுமா என்று பயிற்சிப் பொறியிலே தாமாகவே பழகிப் பார்த்தவர். எவரும் அவரைக் கேட்கவில்லை. எந்தப் பாடத்திட்டத்திலும் அது இல்லை. அந்தப் பழக்கம் அன்று அவருக்குக் கைகொடுத்தது. விமானத்தில் இருந்த 67 பேரும் உயிரோடு டெட்ராயிட்டுக்குத் திரும்பி வந்தார்கள்.

ஒரு பெரிய அபாயம் ஓர் உயிரையும் வாங்காமல், தன்னை முழுவதும் வெளிப்படுத்திக்கொண்டு போவது என்பது எத்தனை பேருக்குக் கிடைக்கும் பாக்கியம்? அதை என்ன செய்தார்கள்? அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கீழ் உத்தியோகஸ்தர்கள், கதவைத் திருத்தாமல் இந்த விமானம் பறக்கக்கூடாது என்று கட்டாய உத்தரவு ஒன்றைத் தயார் செய்தார்கள். அந்த உத்தரவு வெளிவந்தால் அது ஊரறிந்த விஷயமாகிவிடும். நிர்வாகத்தின் தலைவர் ஜான் ஷாஃபர், டக்ளஸ் பிரிவின் தலைவர் ஜாக்சன் மக்கோவனோடு டெலிபோனில் பேசினார். உத்தரவு வேண்டாம், கம்பெனியே தன் சுற்றறிக்கைகளின் மூலம் திருத்தங்களைச் செய்துவிடும் என்று முடிவாயிற்று. கனவான் ஒப்பந்தம் என்று இதற்குப் பிற்பாடு பெயர் வந்தது. கனவான்கள் இருவர் பேசி முடித்துக்கொண்டதில், கனவான்கள் அல்லாத முந்நூற்றுச் சொச்சம் பேருடைய உயிர் அடங்கியிருந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது.

அதே ஜூன் மாதம் 27ஆம் தேதி இன்னொரு தஸ்தாவேஜு பிறந்தது. டி.சி.10இன் உடற்பகுதியைச் செய்துகொடுத்தவர்கள் கான்வேர் என்னும் உப-ஒப்பந்தக் கம்பெனியார். அங்கே அந்த வேலைக்குப் பொறுப்பான என்ஜினீயர் டான் ஆப்பிள்கேட். வின்ட்சர் சம்பவம் நடந்த பதினைந்தாம் நாள் அவர் தம் மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதினார். கதவைத் தொட்டுத் தொட்டு ஒட்டுப்போடுவதால் பயனில்லை, தளமே பலப்படுத்தப்பட வேண்டும். இந்த விமானங்கள் பறக்கவிருக்கும் இருபது ஆண்டுகளுக்குள் சரக்குக் கதவுகள் மீண்டும் திறந்துகொள்ளத்தான் போகின்றன, அப்படித் திறந்தால் விமானத்தையே இழக்க நேரும் என்பது அதன் சாரம். மேலதிகாரி அந்தக் கருத்தை மறுக்கவில்லை. ஆனால் அதை டக்ளஸ் கம்பெனிக்கு எழுதினால் திருத்தச் செலவு யார் தலையில் விழும் என்ற கணக்கு குறுக்கே வந்து நின்றது. குறிப்பு மேசையைத் தாண்டவில்லை. ஆப்பிள்கேட் இருபது ஆண்டுகள் என்றார். இருபது மாதங்களும் சில நாட்களுந்தான் கழிந்தன.

சுற்றறிக்கைகளின்படி இரண்டு காரியங்கள் முக்கியமாகச் செய்யப்பட வேண்டியிருந்தன: கைப்பிடியை முரட்டுத்தனமாக இழுத்தாலும் தண்டு வளையாதபடி ஒரு தாங்கு தகடு வைப்பது, பூட்டுமுளை தன் இடத்தில் நிற்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ள, கதவிலே ஓர் அங்குல அகலத்தில் கண்ணாடியிட்ட துவாரம் அமைப்பது. துருக்கி ஏர்லைன்ஸுக்குப் போன ஒரு விமானத்தில் துவாரம் இருந்தது, தகடு இல்லை. தகடு வைத்தாயிற்று என்று லாங் பீச் தொழிற்சாலையின் ஏட்டிலே பரிசோதகர்களின் முத்திரை மாத்திரம் இருந்தது. போதாக்குறைக்குப் பூட்டுமுளைகளை யாரோ தவறாகச் சரிசெய்து, முன்னிலும் குட்டையாக்கியிருந்தார்கள்.

1974 மார்ச் 3ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பாரிஸ் நகரத்து ஓர்லி விமான நிலையம். இஸ்தான்புல்லிலிருந்து வந்து லண்டனுக்குப் போக வேண்டிய அந்த விமானத்தில், பிரிட்டிஷ் விமானக் கம்பெனியில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்ததால், ஊர் திரும்ப வழியின்றி நின்ற ஆங்கிலேயர் பலர் ஏறிக்கொண்டார்கள். பின்புறச் சரக்குக் கதவை மூடியவர் அல்ஜீரியாவில் பிறந்த ஒரு தொழிலாளி. அவர் முழங்காலை உபயோகிக்கவில்லை, பலத்தைச் செலுத்தவேயில்லை, தகடு இல்லாத அந்தக் கதவில் கைப்பிடி சுலபமாகவே படிந்தது. கதவின்மேல் எச்சரிக்கை வாசகங்கள் எழுதப்பட்டிருந்தன: ஆங்கிலத்திலும் துருக்கியிலும். அந்த மனிதர் மூன்று பாஷைகள் அறிந்தவர். இந்த இரண்டு மட்டும் அவருக்குத் தெரியாது. கண்ணாடித் துவாரத்தின் வழியே பார்ப்பது அவருக்கு இடப்பட்ட வேலையுமன்று. அன்று அந்தத் துவாரத்தில் எவருடைய கண்ணும் படியவில்லை.

கிளம்பிப் பத்து நிமிஷத்துக்குள் கதவு பறந்தது. அதற்குப் பிறகு ஒன்றரை நிமிஷங்கூட ஆகவில்லை. எர்மனோன்வில் காட்டில் மரங்களைச் சீவிக்கொண்டு வந்து விழுந்து விமானம் துகள் துகளாயிற்று. 346 பேர். ஒருவர்கூட மிஞ்சவில்லை. அதுவரை வானத்தில் அவ்வளவு பெரிய சாவு நடந்ததில்லை. வின்ட்சரில் ஆட்கள் குறைவாக இருந்தார்கள், தளம் ஓரளவே உடைந்தது, கம்பிகள் சில மிஞ்சின. பாரிஸில் விமானம் நிறைந்திருந்தது, தளம் முழுவதும் இடிந்தது, ஒன்றும் மிஞ்சவில்லை. மக்கார்மிக்கே அங்கு உட்கார்ந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது.

விபத்துக்குப் பின் சிறிது காலம், படிப்பறிவில்லாத ஒரு தொழிலாளி கதவைச் சரியாகப் பூட்டவில்லை என்ற பேச்சு உலவியது. எனக்கு இந்தச் சரித்திரத்தில் மிகவும் வருத்தம் தரும் இடம் இதுதான். டெலிபோனில் பேசியவர்களுக்கும், குறிப்பை மேசையில் வைத்துக்கொண்டவர்களுக்கும், செய்யாத வேலைக்கு முத்திரை குத்தியவர்களுக்கும் படிப்பு இருந்தது. தமக்குத் தெரியாத பாஷையில் எழுதியிருந்ததை வாசிக்கவில்லை என்பதற்காக, சம்பளம் குறைந்த மனிதர் ஒருவர் கல்லாதவராக்கப்பட்டார். நம் நாட்டுத் தொழிற்சாலைகளிலும் மின்நிலையங்களிலும், ஏன், மருந்துப் புட்டிகளிலும், அபாய எச்சரிக்கை எந்தப் பாஷையில் எழுதப்பட்டிருக்கிறது, அதைக் கையாளுபவர் எந்தப் பாஷை பேசுகிறவர் என்று பார்த்தால், ஓர்லி அவ்வளவு தூரத்தில் இல்லை என்பது விளங்கும்.

பாரிஸுக்குப் பிறகு கதவும் மாறியது. 1975இல் அகன்ற உடல் கொண்ட எல்லா விமானங்களிலும் தளத்தைப் பலப்படுத்தவும், காற்று வெளியேற வழிகள் வைக்கவும் கட்டாய உத்தரவு வந்தது. அதன் பின் டி.சி.10இன் கதவால் ஒரு விமானமும் விழவில்லை.

பெயர் சற்றே தேறிவந்த வேளையில், 1979 மே 25ஆம் தேதி, சிகாகோவில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானம் தரையை விட்டு எழும்பும் தறுவாயில், அதன் இடது யந்திரம், தன்னைத் தாங்கிய தூணோடு பிய்த்துக்கொண்டு, இறக்கையின் மேலாகத் தாவி ஓடுபாதையில் விழுந்தது. முப்பத்தொரு விநாடிகள் விமானம் காற்றில் இருந்தது. அதில் இருந்த 271 பேரும் தரையில் இருந்த இருவரும் மாண்டார்கள். இங்கே பிழை எங்கே இருந்தது? எட்டு வாரங்களுக்கு முன், துல்சா நகரத்துப் பராமரிப்புக் கூடத்தில். யந்திரத்தை முதலில் கழற்றி, அதன் பிறகு தூணைக் கழற்ற வேண்டும் என்பது விமானத்தைச் செய்த கம்பெனி சொன்ன முறை. இரண்டையும் சேர்த்தே, ஆறு டன் பாரத்தை, சரக்குக் கூடங்களில் மூட்டை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியால் தாங்கிக் கழற்றினால், விமானம் ஒன்றுக்கு இருநூறு ஆள்மணி நேரம் மிச்சமாகும். கழற்றிப் பூட்ட வேண்டிய இணைப்புகளும் 79இலிருந்து 27ஆகக் குறையும். இதைச் செய்தவர்கள் கொலைபாதகர்கள் அல்லர். இணைப்புகள் குறைந்தால் தவறும் குறையும் என்று அவர்கள் மனமார நம்பியிருக்கலாம்; நானும் அந்தக் கூடத்தில் நின்றிருந்தால் தலையசைத்திருப்பேனோ என்னவோ. ஆனால் மயிரிழை அளவில் பொருந்த வேண்டிய ஓர் இணைப்பை, அந்த வண்டியின் கரம் கொண்டு ஏற்ற முடியாது. வேலை பாதியில் நிற்கும்போது ஷிப்டு மாறியது. எண்ணெய் அழுத்தம் குறைந்து வண்டியின் கரம் தாழ்ந்தது. தூணின் பின்பகுதியில் பத்து அங்குல நீளம் விரிசல் விட்டது. அதற்கும் முன்பே வேறொரு கம்பெனியில் இதே முறையால் இருமுறை இதே பாகம் சேதப்பட்டு, அவர்களாகவே பழுது பார்த்துக்கொண்டு, நிர்வாகத்துக்குத் தெரிவிக்காமல் விட்டிருந்தார்கள்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. யந்திரம் போனதால் மாத்திரம் விமானம் விழவில்லை. இரண்டு யந்திரங்களோடு அது பறக்கும். போகும்போது யந்திரம் எண்ணெய்க் குழாய்களையும் அறுத்துக்கொண்டு போனதால், இடது இறக்கையின் முன்விளிம்பில் நீட்டியிருந்த தகடுகள் உள்ளே இழுத்துக்கொண்டன. அந்த இறக்கைக்கு இப்போது 159 நாட் வேகத்துக்குக் கீழே தாங்கும் சக்தி இல்லை. விமானியின் அறையில் இதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை, அறுந்துபோன யந்திரத்திலிருந்தே மின்சாரம் பெற்றது. ஆகவே அது மௌனமாயிற்று. ஒரு யந்திரம் போனால் வேகத்தை 153 நாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று விதிப்புத்தகம் சொல்லிற்று. விமானிகள் வழுவாமல் அப்படியே செய்தார்கள். ஆறு நாட் வித்தியாசத்தில் அத்தனை உயிரும் போயின. விதியை மீறியதால் அல்ல, விதியைக் காத்ததால். அந்த விதி பின்னர் மாற்றப்பட்டது. எச்சரிக்கைச் சாதனம் இரட்டிப்பாக்கப்பட்டது.

ஜூன் 6ஆம் தேதி அமெரிக்க நிர்வாகம் அந்த விமான வகையின் அனுமதிப் பத்திரத்தையே நிறுத்திவைத்தது. ஜூலை 13ஆம் தேதிதான் திருப்பிக் கொடுத்தது. விமானத்தின் பக்கத்தில் டி.சி.10 லக்ஷுரிலைனர் என்று பெருமையோடு எழுதியிருந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி, டி.சி.10 என்பதை அழித்துத் தன் பெயரை எழுதிக்கொண்டது. அதே வருஷம் நவம்பரில் அண்டார்க்டிகாவின் எரிபஸ் மலையில் நியூசிலாந்து விமானம் ஒன்று மோதி 257 பேர் மாண்டார்கள்; வழிகாட்டும் கணக்கை மாற்றியவர்கள் விமானிகளுக்குச் சொல்லாததால் நேர்ந்தது அது. விமானத்தின் பேரில் எள்ளளவும் குற்றமில்லை. ஆனால் உலகம் பத்திரிகையில் வாசித்தது மறுபடியும் டி.சி.10 என்ற பெயரைத்தான். ராசி கெட்ட பெயருக்கு ஒரு குணம் உண்டு: தன் கடனை அடைத்த பிறகும், அடுத்தவர் கடனையும் தன் கணக்கில் வாங்கிக்கொள்ளும்.

பத்தாண்டுகள் கழிந்தன. 1989 ஜூலை 19ஆம் தேதி பிற்பகல், டென்வரிலிருந்து சிகாகோவுக்கு 37,000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்த யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்தின் வால் யந்திரத்தில் விசிறித்தட்டு உடைந்து சிதறியது. 1971இல் அந்தத் தட்டை வார்த்தபோதே, டைட்டானியம் உலோகத்துக்குள் கடுகினும் சிறிய ஒரு குறை தங்கிவிட்டிருந்தது. பதினேழு ஆண்டுகளுக்கு மேல் அதைச் சுற்றி விரிசல் வளர்ந்தது. முந்தின வருஷத்துப் பரிசோதனையின்போதே கண்டுபிடிக்கத்தக்க அளவு அது வளர்ந்திருந்தது என்று விசாரணை பின்னர் முடிவு கண்டது. சிதறிய துண்டுகள் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும், மூன்றும் வாலில் ஒன்றுக்கொன்று அருகே ஓடியதால், ஒருசேர அறுத்துவிட்டன. அப்படி மூன்றும் போவது நடக்கக்கூடிய காரியமன்று என்று கணக்கிட்டிருந்தபடியால், அதற்கு விதிப்புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

தலைமை விமானி ஆல் ஹெய்ன்ஸ் திருப்புக்கோலைத் திருப்பினார்; விமானம் கேட்கவில்லை. அது வலப்புறமாகச் சாய்ந்து புரளத் தொடங்கிற்று. அந்தக் கணத்தில் அவர் இடது யந்திரத்தின் விசையை அடக்கி, வலது யந்திரத்தின் விசையைக் கூட்ட, விமானம் மெதுவாக நிமிர்ந்தது. பிரயாணிகளிடையே டென்னி ஃபிட்ச் என்ற பயிற்சி விமானி ஒருவர் இருந்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஜப்பானில் இதேபோல் கட்டுப்பாடற்று விழுந்த விமானத்தைப் பற்றிச் சிந்தித்தவர் அவர். உதவிக்கு வந்த அவரை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். அவர் இரண்டு ஆசனங்களுக்கும் நடுவே முழங்காலிட்டு, இரண்டு கையிலும் இரண்டு விசைகளைப் பிடித்துக்கொண்டு, ஹெய்ன்ஸ் சொல்லச் சொல்லக் கூட்டியும் குறைத்தும் வந்தார். நாற்பத்து நான்கு நிமிஷங்கள். மக்கார்மிக் தனியாகப் பழகிப் பார்த்த வித்தையை, இன்னும் கொடிய நிலையில், விமானியறையில் இருந்த நால்வர் சேர்ந்து செய்தார்கள். தலைவன் ஒருவனே எல்லாம் அறிந்தவன், மற்றவர் வாய்திறக்கலாகாது என்ற பழைய விமானி மரபை விட்டு, யார் சொன்னாலும் கேட்பது என்ற பயிற்சியை அந்தக் கம்பெனி அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்தான் தொடங்கியிருந்தது. தாங்கள் பிழைத்ததற்கு அதுவே காரணம் என்று ஹெய்ன்ஸ் ஊர் ஊராகச் சென்று சொல்லிவந்தார்.

அயோவா மாநிலத்து சூ சிட்டி விமான நிலையத்தில், சாதாரணமாக இறங்கும் வேகத்தைக் காட்டிலும் மிகவும் கூடிய வேகத்தில், வலது இறக்கை முதலில் தரையைத் தொட, விமானம் உருண்டு, உடைந்து, தீப்பற்றி, சோளக்கொல்லைக்குள் போய் விழுந்தது. அந்த ஊரார் அப்படிப்பட்ட ஒரு பெருவிபத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். பிற்பாடு அதே நிலைமையைப் பயிற்சிப் பொறியில் அமைத்துக் கொடுத்து, தேர்ந்த விமானிகளை இறக்கிப் பார்க்கச் சொன்னபோது, அவர்களால் நம்பத்தக்க விதத்தில் இறக்க முடியவில்லை. அந்த நால்வர் செய்தது விமானம் ஓட்டும் சாத்திரத்துக்குள் அடங்காத காரியம். அதனின்றும் ஒரு பலன் விளைந்தது: 1995இல் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தார், டி.சி.10இன் வாரிசான எம்.டி.11 விமானம் ஒன்றை, யந்திர விசையை மாத்திரம் கணிப்பொறி கொண்டு ஆண்டு, பத்திரமாகத் தரையிறக்கிக் காட்டினார்கள்.

டி.சி.10 மொத்தம் 446 செய்யப்பட்டன. அவற்றில் 60 அமெரிக்க விமானப் படைக்கு வானத்திலேயே எண்ணெய் ஊட்டும் விமானங்கள். பழுதுகள் நீங்கிய பின்பு அவை பல ஆண்டுகள் அமைதியாக உழைத்தன. காட்டுத்தீயின்மேல் நீர் கொட்டின. தொழிற்சாலையில் இரண்டாவதாகப் பிறந்த டி.சி.10, ஆர்பிஸ் என்ற தர்ம ஸ்தாபனத்தின் பறக்கும் கண் ஆஸ்பத்திரியாகி, வயிற்றுக்குள் சத்திரசிகிச்சை அறையைச் சுமந்து தேசம் தேசமாகச் சென்றது. பிரயாணிகளை ஏற்றிய கடைசி விமானம் வங்காளதேசத்தின் பிமான் கம்பெனியுடையது. 2014 பிப்ரவரியில் அது விடைபெற்றபோது, ஒரு காலத்தில் எந்த விமானத்தில் ஏறமாட்டோம் என்று ஜனங்கள் சொன்னார்களோ, அதிலே ஒரு முறை ஏறிப் பார்க்க வேண்டும் என்று பர்மிங்காம் நகரத்துக்குப் பல நாட்டார் வந்து சீட்டு வாங்கினார்கள். ஆயினும் கதை முடிந்தது என்று சொல்ல மாட்டேன். 2025 நவம்பரில் லூயிவில் நகரத்தில் எம்.டி.11 சரக்கு விமானம் ஒன்றின் இடது யந்திரம், சிகாகோவில் போலவே, தூணோடு கழன்று விழுந்தது. எஞ்சியிருந்த சில டி.சி.10களும் சேர்த்துத் தரையில் நிறுத்தப்பட்டன. பழைய பெயர் மீண்டும் எல்லார் வாயிலும் விழுந்தது. அந்தச் சமயத்தில், ராசி என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடாமல், கழன்ற இணைப்பை எடுத்துக் கண்ணாடிவைத்துப் பார்த்து, உலோகம் களைத்து விட்ட விரிசல்களை விசாரணையாளர் கண்டு சொன்னார்கள்.

இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது. அதைச் சொல்லாமல் இறங்க எனக்கு மனமில்லை. சூ சிட்டி விமானத்தில் மடிக்குழந்தைகள் நால்வர் இருந்தார்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனி ஆசனம் வேண்டியதில்லை, தாய் மடியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன், தமக்குக் கற்பித்திருந்தபடியே, குழந்தைகளைத் தரையில் கிடத்தித் துணியும் தலையணையும் அண்டக்கொடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று தாய்மாரிடம் சொன்னார். அந்த வேகத்தில் எந்தக் கையால் பிடிக்க முடியும்? புகையிலிருந்து தப்பி வெளியே வந்த ஒரு தாய், குழந்தையைத் தேடி எரிகிற விமானத்துக்குள் திரும்ப ஓடியபோது, வழிமறித்து நின்றவரும் அந்தப் பணிப்பெண்தான். அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. அன்று முதல் ஜான் பிரவுன், ஒவ்வொரு குழந்தைக்கும் தனி ஆசனமும் கச்சையும் வேண்டும் என்று சபைகளிலும் குழுக்களிலும் வாதாடிவந்தார். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் 1990இல் அதையே சிபாரிசு செய்தது. தனிச் சீட்டு வாங்கச் சொன்னால் குடும்பங்கள் காரில் போய்விடும், சாலையில் சாவு அதிகம் என்று விமானப் போக்குவரத்து நிர்வாகம் கணக்குச் சொல்லி மறுத்தது. கதவு மாறிவிட்டது, தளம் மாறிவிட்டது, உலோகம் உருக்கும் முறையும் மாறிவிட்டது. ஆனால் இன்றைக்கு இரவு மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பும் விமானத்தில் ஏறிப் பாருங்கள். ஏதாவதொரு ஆசனத்தில் ஒரு தாய், கச்சையைத் தன் இடுப்பில் பூட்டிக்கொண்டு, கைக்குழந்தையை மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருப்பாள்.